ட்ரைப்பின் மேகங்களும் என் டேப்லெட்டும்

ஒரு கல்லின் படத்தை நானே கெடுத்த கதையோடு ஆரம்பிக்கிறேன். ட்ரைப், மேகம் எல்லாம் பின்னால் வரும்.

2018 டிசம்பர். பெங்களூரில் குடியிருக்கும் எனக்கு லீவு கிடைத்தால் ஓசூர், இராயக்கோட்டை, கிருஷ்ணகிரி பக்கம் பைக்கில் சுற்றுவதுதான் பொழுதுபோக்கு. அந்த முறை போனது இராயக்கோட்டை மலைக்கோட்டையைப் பார்க்க. திரும்பும் வழியில், இராயக்கோட்டைக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, சாலையை ஒட்டிய ஒரு புளியமரத்தடியில் நடுகல் ஒன்று சாய்ந்து கிடந்தது. வில்லேந்திய வீரன், உடம்பில் இரண்டு அம்பு. தலைக்கு மேலே மூன்று வரி வட்டெழுத்து. வெயில் பக்கவாட்டில் விழுந்த நேரம், எழுத்துகள் நன்றாகவே எழுந்து நின்றன. பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தேன்.

ராத்திரி கிருஷ்ணகிரியில் லாட்ஜ். கட்டிலில் சாய்ந்துகொண்டு மெமரி கார்டிலிருந்து படங்களை டேப்லெட்டுக்கு ஏற்றினேன். லேப்டாப்பைச் சுமக்காமல் ஊர் சுற்ற வேண்டும் என்பதற்காகவே வாங்கிய டேப்லெட். விரலால் விரித்துப் பார்த்தால் கல் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கல்பாசி. எழுத்தை மறைக்கிறதே என்று தழும்பு நீக்கும் கருவியை எடுத்து ஒவ்வொரு பொட்டாகத் தடவித் துடைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, ரொம்ப சுகமான வேலை. தொட்டால் பொட்டு மறைகிறது! பிறகு கான்ட்ராஸ்டை ஏற்றி, கருப்பு வெள்ளையாக்கி, ஒரே ஒரு ஜேபெக் கோப்பாகச் சேமித்தேன். டேப்லெட்டில் இடம் நிறைந்துவிட்டதாக எச்சரிக்கை வந்தது. அசல் படங்களை அழித்தேன். மறுநாள் காலை வேறொரு கோயிலுக்குப் போகவேண்டும் என்று கேமராவில் கார்டையும் ஃபார்மட் செய்தேன்.

இரண்டு வாரம் கழித்து, வட்டெழுத்து படிக்கத் தெரிந்த, ஓய்வுபெற்ற கல்வெட்டு ஆய்வாளர் ஒருவர் போன் செய்தார்.

“தம்பி, ரெண்டாவது வரியில அந்த ஆளோட பேர் வருது பாருங்க. முதல் எழுத்து பவா வவா? அந்த இடம் மட்டும் மழுங்கின மாதிரி இருக்கே. அசல் படம் அனுப்புங்க.”

“ஐயா, அசல் இல்லீங்க.”

“இல்லைன்னா?”

“அழிச்சிட்டேங்க.”

கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

வட்டெழுத்தில் ப, வ, ய மூன்றும் எளிதில் குழம்பிவிடக் கூடியவை. ஒரு சின்ன வளைவு, ஒரு சின்ன கொக்கி, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கொக்கி இருக்கவேண்டிய இடத்தில் என் விரல் போயிருக்கிறது. கல்பாசி என்று நான் துடைத்தது கல்பாசிதானா, வெட்டின் விளிம்பில் பட்ட வெளிச்சமா என்று இப்போது எனக்கே சொல்லத் தெரியாது. அங்கே செத்துப்போனவனைப் பற்றி நமக்குக் கிடைக்கக்கூடிய ஒரே தகவல் அவன் பெயர். அதன் முதலெழுத்தை நான் தின்றுவிட்டேன்.

இந்த உறுத்தலில்தான், ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்தவர்கள் எடுத்த படத்தை என்ன செய்தார்கள், எங்கே உட்கார்ந்து செய்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். முதலில் வந்து நின்றவர், எந்த ஆளின் அடியொற்றி நான் இராயக்கோட்டைக்குப் போயிருந்தேனோ அவரேதான்.

கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். 1822ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தவர். 1855ல் ஆர்தர் ஃபேர் தலைமையில் பர்மாவின் ஆவா அரசவைக்குப் போன தூதுக்குழுவில் இவர் அதிகாரப்பூர்வப் புகைப்படக்காரர். அந்தப் படங்களில் 120ஐப் பொறுக்கி, 50 தொகுதிகளாகப் பெங்களூரில் அச்சுப்போட்டார். பிறகு சென்னை அரசாங்கம் இவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பி இராயக்கோட்டை, திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், திருவையாறு என்று சுமார் நாலரை மாதம் சுற்றினார். 1858ல் இவை தனித்தனித் தொகுப்புகளாக வெளிவந்தன. நம் ஊர்க் கோயில்களின் மிகப் பழைய போட்டோக்களில் பலவும் இவருடையவைதான். இன்றைக்கு இணையத்தில் பெரிய அளவிலேயே பார்க்கக் கிடைக்கின்றன, ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிவிட்டு உட்காருங்கள்.

அவர் கேமராவுக்குள் வைத்தது கண்ணாடித் தகடு இல்லை, பெரும்பாலும் காகிதம். சுமார் 12க்கு 15 அங்குலக் காகிதத்தில் மெழுகை ஊறவைத்து, வெள்ளி உப்பு ஏற்றி, அதையே நெகட்டிவாகப் பயன்படுத்துவது. இங்கிலாந்தில் டால்பட் தொடங்கிவைத்த காகித நெகட்டிவை 1851 வாக்கில் பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே மெழுகூட்டிச் செம்மைப்படுத்தியிருந்தார். பயணிக்கு இது வரப்பிரசாதம். உடையாது, கனக்காது. முன்கூட்டியே தயார்செய்து வைத்துக்கொள்ளலாம், படமெடுத்த அடுத்த நிமிடமே கழுவவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பகலெல்லாம் எடுத்துவிட்டு ராத்திரி முகாமில் உட்கார்ந்து கழுவலாம். என் கணக்கில், லாட்ஜ் கட்டிலில் டேப்லெட்டோடு உட்கார்வதன் மூதாதை இதுதான்.

ஆனால் ஒரு குறை. அந்தக் காலத்து வெள்ளி உப்புக்கு நீலமும் புற ஊதாவும்தான் நன்றாகத் தெரியும். பச்சையும் சிவப்பும் கிட்டத்தட்டக் குருடு. கோபுரத்துக்குச் சரியாக வெளிச்சம் கொடுத்தால் வானம் அளவுக்குமீறி வெந்துபோகும். அச்சுப்போட்டால் மேகமே இல்லாத வெறும் வெள்ளை. மரமோ நேர்மாறு: பச்சை பதியாமல் கருங்கும்மலாக நிற்கும், காற்றில் ஆடினால் அதுவும் கலங்கிவிடும். போதாததற்குக் காகிதத்தின் நார் வேறு வானத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும்.

ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? தூரிகையை எடுத்தார். நெகட்டிவின் பின்பக்கத்தில் வண்ணம் பூசி மேகம் வரைந்தார். நெகட்டிவில் எங்கே வெளிச்சம் தடைபடுகிறதோ அங்கே அச்சில் வெள்ளை வரும், அதனால் பூசிய இடமெல்லாம் மேகம். மரங்களிலும் சின்னச் சின்னத் தீற்றல்கள், இலைமேல் வெயில் பட்டதுபோல. முதன்முதலில் அவருடைய பர்மாப் படங்களைப் பார்த்தபோது மேகங்களின் அழகில் மயங்கியவன்தான் நானும். காகித நெகட்டிவில் இவ்வளவு மேகமா என்று சந்தேகப்படவே தோன்றவில்லை.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊர் ஸ்டுடியோவில் இதற்கு ‘டச்சிங்’ என்று பெயர். மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் சாய்வு மேசையில் நெகட்டிவை வைத்து, கூர்மையாகச் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பை, பருவை எல்லாம் மறைப்பார். கல்யாண மாப்பிள்ளைகள் எல்லோரும் வழுவழு என்று வந்தது அவர் புண்ணியத்தில். எடிட்டிங் என்றால் கம்ப்யூட்டர் வந்தபிறகு வந்தது என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 2020ல் ஃபோட்டோஷாப்பில் வானத்தையே மாற்றும் வசதி வந்தபோது ‘இனி எந்தப் படத்தை நம்புவது’ என்று ஒரு கூக்குரல் கேட்டது. 1850களிலேயே வானத்தை மாற்றிவிட்டார்கள் ஐயா! அந்த லெ கிரேயே தன் கடற்காட்சிகளில் சிலவற்றுக்குக் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு இன்னொரு நெகட்டிவ் என்று சேர்த்து அச்சிட்டவர்.

ட்ரைப் காகிதத்தோடு சுற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில் மற்றவர்கள் பெரும்பாலும் ஈரக் கண்ணாடித் தகட்டுக்கு மாறிவிட்டார்கள். 1851ல் ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் முறை. படம் அபாரத் துல்லியம். ஆனால் தகட்டில் பசையை ஊற்றி, வெள்ளிக் கரைசலில் தோய்த்து, கேமராவில் வைத்துப் படமெடுத்து, காய்வதற்குள் கழுவியாகவேண்டும். எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினைந்து நிமிடம். வெயில் ஊரில் அதுவும் குறைவு. ஆக, போகிற இடமெல்லாம் இருட்டறையும் கூடவே வரவேண்டும்.

1855ல் கிரிமியப் போருக்குப் போன ரோஜர் ஃபென்டன் ஒரு ஒயின் வியாபாரியின் பழைய வண்டியை வாங்கி இருட்டறையாக மாற்றி எடுத்துப்போனார். ஐந்து கேமரா, 700 கண்ணாடித் தகடு, இரண்டு உதவியாளர்கள். வெளிர் நிற வண்டி என்பதால் ரஷ்யப் பீரங்கிகளுக்கு நல்ல குறி. உள்ளே வேகிற வெப்பம். அத்தனை பாடுபட்டு சுமார் 360 படம் கொண்டுவந்தார். 1863ல் இந்தியாவுக்கு வந்த சாமுவேல் போர்னோ, நாட்டிங்காமில் வங்கி குமாஸ்தாவாக இருந்தவர், இமயமலைக்குள் இருட்டுக் கூடாரத்தையும் ரசாயனங்களையும் கண்ணாடியையும் தூக்கிக்கொண்டு போனார். தூக்கிக்கொண்டு என்றால் அவர் இல்லை, முப்பது நாற்பது சுமைக்காரர்கள். 1866ல் 18,000 அடிக்கு மேலே மணிரங் கணவாயில் நின்று அவர் எடுத்த படங்கள் வெகுகாலம் உயரச் சாதனையாக இருந்தன. அந்த உயரத்தில் வெள்ளிக் கரைசலைச் சுமந்தவர்களின் பெயர் எந்தப் படத்தின் கீழும் இல்லை.

ஃபென்டனைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும், என் நடுகல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. ‘சாவின் நிழல் பள்ளத்தாக்கு’ என்ற பெயரில் அவர் எடுத்த படம் பிரபலம். வெறிச்சோடிய சாலை முழுக்கப் பீரங்கிக் குண்டுகள். அதே கோணத்தில் இன்னொரு படமும் உண்டு. அதில் சாலை காலி, குண்டுகள் ஓரத்துப் பள்ளத்தில் கிடக்கின்றன. எது முதலில்? குண்டுகளைச் சாலையில் பரப்பிவைத்து எடுத்தாரா, அல்லது யாரோ அப்புறப்படுத்தினார்களா? ரொம்ப நாளாகச் சர்ச்சை. 2007ல் ஆவணப்பட இயக்குநர் எரால் மோரிஸ் இதைத் துருவப் புகுந்தார். கடைசியில் விடை சொன்னவை குண்டுகள் இல்லை, சரிவில் இருந்த சின்னக் கற்கள். ஒரு படத்தில் மேலே இருந்த கற்கள் மற்றதில் கீழே இறங்கியிருந்தன. யாரோ நடந்ததில் உருண்டிருக்கின்றன. கல் தானாக மேலே ஏறாது, எனவே காலிச் சாலைதான் முதல் படம். 150 வருடம் கழித்து இதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்கு ஒரே காரணம், இரண்டு படங்களும் மிச்சமிருந்ததுதான். ஃபென்டன் பிடிக்காததை உடைத்துப் போட்டிருந்தால் கேள்வியே எழுந்திருக்காது.

உடைத்துப் போட்டவரும் உண்டு. ஷாகில்டனின் அண்டார்டிகா பயணத்தில் போன ஃபிராங்க் ஹர்லி. 1915ல் எண்டுரன்ஸ் கப்பலைப் பனி நசுக்கியபோது, உறைநீரில் இறங்கித் தன் கண்ணாடி நெகட்டிவ்களை மீட்டார். ஆனால் பனியில் இழுத்துப் போகும் சுமைக்கு வரம்பு உண்டு. ஷாகில்டனும் அவரும் பனிமேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, சுமார் 120ஐ மட்டும் வைத்துக்கொண்டார்கள். மிச்சம் சுமார் 400ஐ அங்கேயே உடைத்தார்கள். பிறகு மனசு மாறி எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே உடைத்தார்கள். ‘இடம் நிறைந்துவிட்டது’ என்று என் டேப்லெட் சொன்னபோது நான் செய்ததும் அதுதானே என்று என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். எடுபடவில்லை. அவருக்குக் கீழே பனி விரிசல்விட்டுக் கொண்டிருந்தது. எனக்குக் கீழே ஃபோம் மெத்தை.

இடையில் நடந்த ஒரு மாற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1871ல் ரிச்சர்ட் மேடாக்ஸ் ஜெலட்டின் உலர் தகட்டை முன்வைத்தார், ஈரத்தின் அவசரம் தீர்ந்தது. 1888ல் ஜார்ஜ் ஈஸ்ட்மனின் கோடாக் வந்தது: 25 டாலர், 100 படம் எடுக்கும் சுருள் உள்ளேயே. முடிந்ததும் கேமராவையே ராச்செஸ்டருக்கு அனுப்பிவிட்டால், 10 டாலருக்குக் கழுவி, அச்சுப்போட்டு, புதுச் சுருளோடு திரும்பி வரும். பயணியின் முதுகிலிருந்து இருட்டறை இறங்கியது. கூடவே இன்னொன்றும் போனது: எடுத்ததை எடுத்த இடத்திலேயே பார்க்கும் வாய்ப்பு. ஈரத்தகட்டுக்காரருக்குக் கால் மணியில் நெகட்டிவ் கையில். படம் சரியில்லையா, திரும்ப எடுக்கலாம். ஃபிலிம்காரர் ஊர் திரும்பும்வரை வேண்டிக்கொள்ள வேண்டியதுதான். நூறு வருடத்துக்கு மேல் இதே கதை. பத்திரிகைக்காரர்கள் மட்டும் ஓட்டல் குளியலறையில் கறுப்புத்துணி கட்டி, வாஷ்பேசினில் கழுவி ஒப்பேற்றினார்கள்.

அந்த வாய்ப்பைத் திருப்பிக் கொடுத்தது டிஜிட்டல் கேமராவின் முதுகிலிருக்கும் சின்னத் திரை. அதைத் திருத்தும் வாய்ப்போடு சேர்த்துப் பெரிதாக்கிக் கொடுத்தது லேப்டாப். பைக்குள் போடும் அளவுக்கு இளைக்கவைத்தது டேப்லெட். 2010ல் முதல் ஐபேட் வந்தபோதே கேமரா கார்டைச் செருக ஒரு தனி இணைப்பு விற்றார்கள். ஆனால் அப்போது அது பெரும்பாலும் படம் காட்டும் பலகைதான். 2011ல் ஸ்னாப்சீட், 2014ல் லைட்ரூம், 2015 கடைசியில் ஐபேட் புரோவும் அதற்கான பேனாவும், 2018ல் யுஎஸ்பி-சி என்று ஒவ்வொன்றாக வந்தன. 2019ல்தான் வெளி ஹார்டு டிஸ்க்கை நேரடியாகச் செருகிக் கோப்புகளைப் பார்க்க முடிந்தது, அதே ஆண்டு டிசம்பரில் லைட்ரூம் கார்டிலிருந்து நேராகவே படங்களை எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது. அதற்குமுன் எல்லாம் முதலில் போட்டோ ஆல்பத்துக்குள் போய், அங்கிருந்து ஆப்புக்குள் இன்னொரு பிரதியாகப் போகும். 64 ஜிபி டேப்லெட்டில் ஒரு நாள் படம் இரண்டு நாள் இடத்தை அடைக்கும். என் தப்புக்கு இது சாக்கு இல்லை. ஆனால் அந்த அவசரம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது.

பயணத்துக்கு டேப்லெட் நல்லதா என்று கேட்டால் நல்லது என்றே சொல்வேன். பேனாவால் ஒரு எழுத்தின் வெட்டுக்குள் மட்டும் வெளிச்சத்தைக் கூட்டலாம், மவுஸால் அதைச் செய்ய எனக்கு ஜென்மம் போதாது. அறை வெளிச்சத்துக்கேற்ப நிறத்தை மாற்றும் வசதியை மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். லாட்ஜ் பல்புக்குச் சரியாகத் தெரியும் கல், வீட்டுக்கு வந்து பார்த்தால் நீலமாக இருக்கும். அதைவிட முக்கியம், எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும்போது பார்ப்பதால், சரியில்லை என்றால் காலையில் திரும்பப் போகலாம். அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது அதைத்தான். புளியமரம் பைக்கில் கூப்பிடு தூரம்.

என் தொழில் மென்பொருள். ஆபீசில் ஒரு வரி நிரலை மாற்றினாலும் பழையது எங்கே, யார், எப்போது மாற்றினார் என்ற சரித்திரம் இல்லாமல் விடமாட்டோம். அப்படி விடுகிற ஜூனியரை நான் ஒரு வழி செய்துவிடுவேன். லைட்ரூம் மாதிரியான ஆப்கள் செய்வதும் கிட்டத்தட்ட அதுவே. அசல் கோப்பைத் தொடுவதில்லை. இங்கே வெளிச்சம் இவ்வளவு, அங்கே பொட்டு நீக்கம் என்று குறிப்பாக மட்டும் எழுதிவைக்கும், திரையில் காட்டும்போது குறிப்பை அசல்மேல் போர்த்திக் காட்டும். வேண்டாம் என்றால் போர்வையை எடுத்துவிடலாம். இதெல்லாம் தெரிந்த ஆள்தான், ராத்திரி பதினொரு மணிக்கு, எல்லாவற்றையும் ஒரே ஜேபெக்கில் நசுக்கிவிட்டு அசலை அழித்தேன்.

இங்கேதான் ட்ரைப்பைத் திரும்பிப் பார்க்கிறேன். அவர் வரைந்த மேகம் பொய். ஆனால் அந்தப் பொய் காகிதத்தின் பின்பக்கத்தில், தூரிகைத் தடத்தோடு, அப்படியே இருக்கிறது. அவருடைய நெகட்டிவ்கள் பல தப்பிப் பிழைத்திருக்கின்றன. இன்று ஆய்வாளர்கள் அவற்றை வெளிச்சத்தில் பிடித்து, இது ஒளி பதித்தது, இது ட்ரைப் பூசியது என்று பிரித்துச் சொல்கிறார்கள். அச்சை மட்டும் வைத்துக்கொண்டு நெகட்டிவைத் தொலைத்திருந்தால் 1855 பர்மாவின் வானிலையைப் பற்றி நாம் கட்டுரை எழுதிக்கொண்டிருப்போம்.

அவர் மேகத்துக்கு இடமே இல்லாத ஒரு படத்தையும் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகள். அவற்றை ஒரே படத்தில் அடக்க முடியாது. கேமராவை நகர்த்தி நகர்த்தித் துண்டு துண்டாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி ஒரே நீள்படமாக்கினார். நீளம் சுமார் 19 அடி. இன்றைக்குப் பேனோரமா என்று போனை ஒரு வீசு வீசுகிறோமே, அதைக் காகிதத்திலும் பசையிலும் செய்திருக்கிறார். அழகுக்காக எடுத்த படம் இல்லை. பார்த்தால் வெறும் கல், எழுத்து, கல், எழுத்து.

1858ல் அந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதே உறுதியாகத் தெரியாது. தலபுராணக் கதையும் செவிவழிச் செய்தியும்தான். 1886ல் கல்வெட்டு ஆய்வாளராகப் பொறுப்பேற்ற ஹுல்ஷ் தஞ்சைக் கல்வெட்டுகளைப் படித்து, 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியாக வெளியிட்டபோதுதான் முதலாம் ராஜராஜன் ஐயத்துக்கு இடமின்றி வெளியே வந்தான். தான் கொடுத்தது, அக்கா கொடுத்தது, மனைவிமார் கொடுத்தது, மற்றவர் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்ன அவனுடைய உத்தரவும் வெளியே வந்தது. ஹுல்ஷ் வேலை செய்தது மைப்படிகளை வைத்து, ட்ரைப் படத்தை வைத்து இல்லை. ஆனாலும் அதற்குச் சுமார் முப்பது வருடம் முன்னால், தனக்கு ஒரு எழுத்தும் புரியாத சுவரை 21 துண்டாக எடுத்து ஒட்டியவரை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. புரியாததால்தான் அவர் எதையும் விட்டுவிடவில்லை. நானோ வட்டெழுத்தில் பாதி புரிந்த மிதப்பில், எது எழுத்து எது பாசி என்று தீர்ப்பெழுதிவிட்டேன்.

ட்ரைப்பின் வேலை நீடிக்கவில்லை. 1859ல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், அரசாங்கம் இருக்கும் பண நெருக்கடியில் போட்டோ ஒரு ஆடம்பரம் என்று முடிவுகட்டினார். 1860ல் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். அதன்பிறகு ட்ரைப் படமெடுத்தது மிகச் சொற்பம்.

கல்லுக்கு வருகிறேன். ஆய்வாளர் போன் செய்த மறுவாரமே கிளம்பிப் போனேன். புளியமரம் இருந்தது. கல்லை நிமிர்த்தி, சிமெண்ட் மேடை கட்டி, டைல்ஸ் ஒட்டி, மேலே தகரக் கூரை போட்டிருந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அது வேடியப்பன். சாய்ந்து கிடந்த சாமியை எடுத்து நிறுத்தியதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு பெரியம்மா எனக்கும் பொங்கல் கொடுத்தார். கல் முழுக்கப் பச்சை எனாமல் பெயிண்ட். எழுத்துகள் யாருக்கும் தெரியாமல் போய்விடக் கூடாது என்று நல்ல மனதோடு, குழிந்த இடமெல்லாம் மஞ்சள் பெயிண்டால் எழுதியும் விட்டிருந்தார்கள். எழுதிய பையனுக்கு வட்டெழுத்து தெரியாது. இரண்டாவது வரியின் அந்த முதல் எழுத்தை, தனக்குத் தெரிந்த ‘ய’வைப் போல வளைத்திருந்தான். ஆக இப்போது பவா, வவா, யவா. நான் ஒரு டச்சிங், அவன் ஒரு டச்சிங்.

பெயிண்டை எடுக்கச் சொல்லி என்னால் கேட்க முடியவில்லை. வழிபாட்டில் இருக்கும் சாமி. நான் படத்தை ஒழுங்காக வைத்திருந்தால் கேட்கவேண்டிய தேவையே வந்திருக்காது. பக்கவாட்டு வெயிலில் பெயிண்டுக்கு மேலேயே நிறையப் படம் எடுத்து ஆய்வாளருக்கு அனுப்பினேன், அசலாகவே. அவர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, “பெயிண்ட் குழியை ரொப்பிடுச்சுங்க தம்பி” என்றார். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போதெல்லாம் பையில் ஒரு சின்ன எஸ்எஸ்டி போகிறது. கார்டு நிறைந்தால் வேறு கார்டு, பயணம் முடியும்வரை எதையும் ஃபார்மட் செய்வதில்லை. டேப்லெட்டில் என்ன ஒட்டுவேலை செய்தாலும் அசலும் கூடவே வீட்டுக்கு வருகிறது. இங்கே நான் போடும் கல்வெட்டுப் படங்களுக்குக் கீழே ‘அசல்’, ‘திருத்தியது’ என்று இரண்டையும் போடுவதை நீங்கள் கவனித்திருக்கலாம். காரணம் இதுதான்.

ஆய்வாளரின் நோட்டுப் புத்தகத்தில் அந்த வீரனின் பெயருக்கு முன்னால் இன்னும் கேள்விக்குறிதான் இருக்கிறது. உங்களில் யாராவது 2018க்கு முன்பு இராயக்கோட்டை – கிருஷ்ணகிரி சாலையில் போகும்போது, புளியமரத்தடியில் சாய்ந்து கிடந்த நடுகல்லைப் படமெடுத்திருக்கிறீர்களா? அந்தப் பக்கம் ஊர் உள்ள நண்பர்கள், பழைய போனைக் கொஞ்சம் தேடிப் பாருங்கள். கல்மேல் சாய்ந்துகொண்டு எடுத்த செல்ஃபியாக இருந்தாலும் பரவாயில்லை. வெளிச்சம் கூட்டாமல், வெட்டாமல், இருக்கிறபடியே அனுப்புங்கள்.